கார்ட்டூன் சந்தா

“பில் போடுற சாஃப்ட்வேர் சந்தாவை வியாபாரச் செலவுல காட்டலாம். கார்ட்டூன் சந்தாவைக் காட்ட முடியாதும்மா” என்றார் ஆடிட்டர் கமாலுதீன்.

விம்கோ நகரில் மலர் புதிதாகத் தொடங்கிய கடைக்கு, மகன் ஃபர்ஹானோடு வந்தவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னா சார், அதுவும் கடைக்குத்தான்.”

“வூட்டுச் செலவைக் கடைக் கணக்குல எழுதினா மாட்டிக்குவே.”

“எனக்குக் கல்யாணமே ஆவல. வூட்ல யாரு சார் கார்ட்டூன் பாக்கப் போறாங்கோ?”

“அப்ப யாருக்குத்தான் அது?”

“இப்ப திரும்பிப் பாருங்க சார்.”

எந்த சலூனுக்குப் போனாலும் அலறி, பாதி முடிவெட்டோடு ஓடிவிடும் ஃபர்ஹான், டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மலர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அவன் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள்.

“பில்லை எடும்மா, செலவுல சேத்துடுறேன். அடுத்த வருஷமும் மறக்காம சந்தா கட்டிடு!”