கனடாக் கொடி

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஜெகதீசன், சுவரிலிருக்கும் உலகப் படத்திலிருந்து கனடாவின் காகிதக் கொடியை நகத்தால் உரித்து மேசையில் போடுகிறான். "இந்த வருஷம் கனடா ஓடல பெரியவரே. விசா நெறைய ரிஜெக்ட் ஆவுது. எல்லாரும் ஜெர்மனிக்குப் போட்டுக்கினு இருக்காங்க." போன வருஷம் இதே வாய்தான் கனடாவைச் சொர்க்கம் என்றது. என் கொல்லையில் விளையும் மல்லாட்டையை, அந்த வேர்க்கடலையை, வாங்க வரும் வியாபாரியும் இப்படித்தான் வருஷத்துக்கு ஒரு பேச்சு பேசுவான். எனக்கு இவன் மேலும் நம்பிக்கை இல்லை, கனடா மேலும் இல்லை. ஜன்னல் வெயில் என் பேத்தி கலைமதியின் முகத்தில் அடிக்கிறது, அவள் நகரவில்லை. "மண்ணு வளத்தப் பத்தி நான் கேட்ட படிப்பு கனடாலதான் இருக்குது சார். கூட்டம் எங்க போவுதுன்னு நான் கேக்கல. ரிஜெக்ட் ஆனா ஆவட்டும், அங்கயே போடுங்க." எழுந்து, கொடியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்துகிறாள். பசை போன கொடி மின்விசிறிக் காற்றில் சுருண்டு விழுகிறது. ஜெகதீசன் சிரிக்கிறான். நான் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, கொடியின் முதுகில் நசுக்கித் தேய்த்து அவளிடம் நீட்டுகிறேன். "படம் பாழாவும் பெரியவரே" என்கிறான். அவள் ஒட்டிவிட்டுக் கட்டைவிரலை எடுக்கிறாள். கொடி அசையவில்லை. "இனிமே உரிச்சா உன் நகந்தான் பேந்துடும் தம்பி" என்கிறேன்.