மெஷின் சொன்ன பொய்

"சார், இந்த மெஷின் வாய் கூசாமப் பொய் சொல்லுது!"

இன்ஜினியர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் லேப் அக்கா புகாரை ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான்.

"மெஷினுக்கு ஏதும்மா வாய்? விவரமாச் சொல்லுங்க" என்று கருவிப் பெட்டியை மேஜைமேல் வைத்தார் இன்ஜினியர்.

மெஷினைப் பார்த்தால் பொய் சொல்கிற ஜாதியாகத் தெரியவில்லை. அஜீரணம், நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்கள் முதலில் ஒரு பையில் ஊதுவார்கள். பிறகு ஒரு கப் கரைசலைக் குடித்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதுவார்கள். இரண்டு மூச்சையும் ஒப்பிட்டு, வயிற்றில் கிருமி உண்டா இல்லையா என்று மெஷின் சொல்லிவிடும். தொண்டைக்குள் குழாய் விடுகிற அவஸ்தை பாதிப் பேருக்கு மிச்சம். இதை வாங்கச் சொல்லி டாக்டரம்மாவை ஒரு வருடம் நச்சரித்தவளே லேப் அக்காதான். இப்போது அவள் முகம் தொங்கிப் போயிருந்தது.

"வாராவாரம் திங்கட்கிழமை, யாரும் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஜோடி சரிபார்ப்புப் பை போட்டுப் பார்ப்பேன் சார். கிருமி இல்லாத பை. 'இல்லை'ன்னுதான் வரணும். எட்டு மாசமா அப்படித்தான் வந்துது. இந்தத் திங்கட்கிழமை 'இருக்கு'ங்குது! செவ்வாய், புதன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். பிடிச்ச பிடியை விடமாட்டேங்குது."

"நோயாளிகளோட ரிப்போர்ட்?"

"அதை நெனச்சாதான் சார் சோறு இறங்கல. முதல் நாள் ஏதோ கைப்பிசகுன்னு நெனச்சு, அதே திங்கட்கிழமை ஒருத்தருக்கு 'இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வெளியில உக்காந்திருக்காரு பாருங்க."

வெளியே பெஞ்சில் இருந்தவர் பஸ் டிரைவர். ஆறு வருடமாக வயிற்றெரிச்சல். இப்படித்தான் அவருடைய அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நாளை ஓட்டி, கடைசியில் கட்டி என்று தெரிந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லாமல் போய்விட்டது. அதனால் திங்கட்கிழமை டாக்டரம்மா, "கிருமிதான். பதினாலு நாள் மருந்து. முடிச்சுட்டு மறுபடி ஊதிப் பார்ப்போம்" என்றபோது, அந்த ஆஜானுபாகு மனிதர் குழந்தைபோல் அழுதுவிட்டார். மறுநாளே லேப் அக்கா போன் செய்து, "அண்ணே, மாத்திரையைப் பிரிக்காதீங்க, மெஷின்மேல சந்தேகமா இருக்கு" என்றாள். பிரிக்காத பொட்டலத்தோடு இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பொறுக்க முடியாமல் எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

"ஏம்மா, எனக்குக் கிருமி இருக்கா, இல்லையா? இல்லேன்னா... அப்ப அண்ணனுக்கு வந்ததுதானா?"

லேப் அக்கா கதவருகே போனாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

பின்னாலேயே வந்த டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்குள்ள காரணம் தெரியலைன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க சார். 'இருக்கோ இல்லையோ'ன்னு சொல்றதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு?"

இன்ஜினியர் மூடியைத் திறந்து குடைந்தார். தன் பெட்டியிலிருந்த சின்னச் சிலிண்டர்களை மாட்டினார். 'இல்லை' வரவேண்டிய வாயுவுக்கு 'இல்லை' வந்தது. 'இருக்கு' வரவேண்டியதற்கு 'இருக்கு' வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் கை துடைத்தார்.

"டாக்டர், மெஷின்ல ஊசிமுனை அளவுகூடக் குறை இல்லை. சரிபார்ப்புப் பைதான் கெட்டிருக்கணும்."

லேப் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அது எப்படி சார் கெடும்? பையில ஒரு குறையும் இல்ல. எனக்குத் தெரியாதா?"

இன்ஜினியர் அலமாரியைத் திறந்தார். கம்பெனி வாயு நிரப்பிக் கொடுத்த சரிபார்ப்புப் பைகளின் டப்பா மேல்தட்டில் இருந்தது. உள்ளே காலி. கடைசிப் பையை எடுத்த தேதி டப்பாமேல் எழுதியிருந்தது. எட்டு மாதம் ஆகியிருந்தது. டப்பாவை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

"புதுசு கேட்டு மூணு கடுதாசி போட்டாச்சு சார், வரல. அதுக்காகச் சோதனையை நிறுத்த முடியுமா? நானே பார்த்துக்கிட்டேன்" என்றாள் லேப் அக்கா.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார். லேப் அக்காவைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"உனக்கு நெஞ்செரிச்சல் உண்டா?"

"யாருக்குத்தான் இல்ல டாக்டர்? வெறும் கேஸ். தினம் ஒரு மாத்திரை போட்டா அடங்கிடும்."

"இப்பவும் போடுறியா?"

"மூணு வாரமா விட்டுட்டேன். மாத்திரை போட்டா கிருமி மெஷின் கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கும், ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திட்டு வாங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே முழுங்கினா சிரிக்க மாட்டாங்களா?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். வாசலைப் பார்த்து, "டிரைவர் சார், பொட்டலத்தைப் பிரிங்க. உங்க ரிப்போர்ட் சரிதான். முதல் மாத்திரையை இங்கயே போடுங்க" என்றார்.

டிரைவர் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லேப் அக்கா ஒன்றும் புரியாமல் முழித்தாள்.

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"எட்டு மாசமாத் திங்கட்கிழமை தவறாம அந்தக் கரைசலைக் குடிச்சிட்டுச் சரிபார்ப்புப் பையில ஊதுனது நீதானே? 'உன் வயித்துலதான் கிருமி'ன்னு மெஷின் மூணு நாளா உன்கிட்ட கரடியாக் கத்துது, நீ அதைப் போய்ப் பொய்யன்னு சொல்ற!"