ஆற்றில் விட்ட சட்டை

கொக்கியில் மாட்டி வந்தது ஒரு நீலச் சட்டை.

பாபநாசம் படித்துறையில் காலையிலிருந்து வேட்டியும் சேலையுமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பீடை தொலையும் என்று இங்கே வருகிறவர்களுக்கு நம்பிக்கை. செத்தவர்களின் துணிமணியையும் கொண்டுவந்து விடுவார்கள். அதையெல்லாம் எடுத்துத் தாமிரபரணியைச் சுத்தம் செய்வது எங்கள் கம்பெனியின் இந்த வருடத் தொண்டு.

எங்கள் கழிவுநீர்க் குழாய் ஆற்றில் சேருகிற இடம் இங்கிருந்து முப்பது மைல் கீழே. அங்கே போய்ச் சுத்தம் செய்யலாம் என்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

"சார், நல்லா தூக்கிப் பிடிங்க" என்றான் மகேஷ். கம்பெனியில் விளம்பரம் பார்க்கிறவன், கையில் கேமரா.

தூக்கிப் பிடித்தேன். பாக்கெட்டில் எங்கள் கம்பெனி முத்திரை. அதன் கீழே வெள்ளை நூலில் தைத்த நம்பர், 318.

மகேஷ் கேமராவை இறக்கினான். வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான்.

இரண்டு வாரமாக எங்கள் ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நம்பர் அது. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி, விஷவாயுவில் மூச்சு முட்டிச் செத்த பேச்சிமுத்துவின் நம்பர்.

அப்படி ஒருவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை, வேலி தாண்டி வந்து விழுந்திருக்கிறார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை லேபர் ஆபீஸில் விசாரணை. வேலை பார்த்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் கொண்டு வரும்படி அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் எங்கே போவாள்? உடம்பில் கிடந்த சட்டையையும் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையையும் கம்பெனி அன்றைக்கே கழற்றி எடுத்துக்கொண்டது.

வீட்டுக் கொடியில் மாற்றுச் சட்டை ஒன்று காயும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நம்பர் தைத்த சட்டை, கம்பெனி கேட்டுக்குள் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். இதைக் கொண்டுபோய் மேசையில் போட்டால் கம்பெனி வாயைத் திறக்க முடியாது.

மேல்படியிலிருந்து ஒரு பெண் ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். சொந்தக்காரர்கள் அங்கேயே நின்று பார்த்தார்கள்.

"அய்யா, அத எடுக்காதீங்கய்யா. எங்க வீட்டுக்காரரு சட்டை. இன்னைக்குப் பதினாறு. ஆத்தோட போனாத்தான் அவுகளுக்கு நிம்மதின்னு சொல்லுதாக."

உலகம்மாள். நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த மனுவில் ஒட்டியிருந்த போட்டோவில் பார்த்த முகம். நேரில் இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள். சட்டையும் ஓர் அத்தாட்சிதான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதை வீட்டுக்குக் கொண்டு போம்மா, திங்கட்கிழமை மறக்காமல் எடுத்து வா. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. தொண்டை வரை வந்தது. என் பெரிய பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதையும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

சட்டையைச் சுருட்டினேன். முழங்கால் தண்ணீரில் இன்னும் நாலடி உள்ளே போய், இழுவை அதிகமாக இருக்கிற இடத்தில் விட்டேன். பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத் திரும்பக் கும்பிடக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

என் பனியனில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை அப்போதுதான் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தக் கம்பெனியிலயும் ஒங்கள மாதிரி ஒரு மனுசரு இருக்கீகளே. ஒங்க பேரு என்னய்யா? சாமிகிட்ட சொல்லணும்."

வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

ஞானசம்பந்தன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். பேச்சிமுத்து என்று எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை என்று அவளுக்கும் நகல் போன கடிதத்தில், கையெழுத்துக்குக் கீழே அந்தப் பெயர்தான் இருக்கிறது.