கடைசி ஆமை

“இத்தோட போதும் மேரி. வடலூர் வரைக்கும் வந்தாச்சு. ரெண்டு ஆமையைப் பாத்தாச்சு. வண்டியைத் திருப்பட்டுமா?”

“எங்க, திருப்பித்தான் பாருங்களேன்” என்றாள் சகாயமேரி. வண்டிச் சாவி அவள் கைக்குள் இருந்தது.

மரியஜோசப் எதிரே நின்ற ஆமையைச் சலிப்போடு பார்த்தார். ஆள் படுக்கலாம் போல அகலமான முதுகில் பள்ளிப் பிள்ளைகள் மயிலும் மாங்காயும் வரைந்திருந்தார்கள். ஏழைக் குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு நிதி திரட்ட, நெய்வேலியிலிருந்து கடலூர் வரை ஊருக்கு ஊர் இப்படி ஒரு ஃபைபர் ஆமையை வைத்திருந்தார்கள். ‘ஆமை வலம்’ என்று அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சனங்கள் குடும்பத்தோடு கிளம்பி, ஒவ்வொரு ஆமையோடும் செல்ஃபி எடுத்து, உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போனார்கள்.

சகாயமேரி செல்ஃபி எடுக்கவில்லை. உண்டியலில் போட்டுவிட்டு, “அடுத்தது குறிஞ்சிப்பாடி. கிளம்புங்க” என்றாள்.

“மொட்டை போடறேன்னு நேர்ந்துக்குவாங்க, மெழுகுவத்தி ஏத்தறேன்னு நேர்ந்துக்குவாங்க. ஆமை பாக்கறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கினவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“நம்ம சோபியா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நேர்ந்துக்கினேன். பெத்த அப்பனே வரமாட்டேன்னு உக்காந்துகினு இருந்தா, வேற யாரைக் கேக்கறது?”

அவள் சாவியை நீட்ட, அவர் வண்டியைக் கிளப்பினார்.

மாப்பிள்ளைக்கு ஊர் தேவனாம்பட்டினம். கல்யாணம் கடலோரத்து மாதா கோயிலில். மரியஜோசப் கடலைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு அதே தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போவது அவர்கள் வழக்கம். அப்படிப் போன ஒரு காலையில்தான் சுனாமி வந்தது. அவர் பிடித்திருந்த தம்பி சைமனின் கை நழுவிப் போனது. அதற்குப் பிறகு நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை உண்டு, வீடு உண்டு என்று இருந்துவிட்டார். கல்யாணப் பேச்சு எடுத்தபோதே சொல்லிவிட்டார்: “நீங்க போய் முடிச்சுக்கினு வாங்க. பொண்ணு கையைப் புடிச்சிக்கினு போக அவ மாமன் இருக்கான்.”

அன்றைக்கு சோபியா சாப்பிடவில்லை. சகாயமேரி மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆமை ஆமை என்று பிடித்துக்கொண்டாள்.

குறிஞ்சிப்பாடியில் யாரையாவது விசாரிக்கலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பியிருந்தார். ஆமை அங்கேதான் இருந்தது. அதன் வலது துடுப்பின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

“சே, அந்த இடத்துல அடிபட்டுடுச்சு.”

“ஆமைக்கு அடிபட்டா உங்களுக்கு என்னாங்க? வாங்க.”

“இதுக்கு வயித்துல இரும்பு ஃபிரேம். நாலு பேர் புடிச்சாத்தான் தூக்க முடியும், தெரியுமா?”

“ஆமா, நாம தூக்கிக்கினு போகப் போறோம் பாருங்க!”

கடலூர் மஞ்சக்குப்பத்து ஆமையைப் பார்த்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“அவ்ளோதானே? நேர்த்தி முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணு இருக்குங்க. கடைசி ஆமை.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “தேவனாம்பட்டினத்துல. கரையிலேயே வெச்சிருக்காங்களாம்.”

  மரியஜோசப் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“சாவியைக் குடு.”

போச்சு, ஊருக்குத்தான் திரும்பப் போகிறார் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிழக்கே, கடல் பக்கம் திரும்பியது.

மணலில் இறங்கியதும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்டல் விற்பவன் கூவிக்கொண்டு போனான். ஒவ்வொரு அலைச் சத்தத்துக்கும் அவர் நின்றார். நின்ற ஒவ்வொரு முறையும் அவள், “இன்னும் கொஞ்சம்” என்றாள்.

ஈர மணல் வந்தது. அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.  அவர் ஓடவில்லை.

“இங்கதான் மேரி. என் கையிலதான் இருந்தான்” என்றார். வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். வெகுநேரம் கழித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார்.

“சரி, எங்க உன் கடைசி ஆமை?”

சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமை இல்லீங்க. மஞ்சக்குப்பத்தோட முடிஞ்சுபோச்சு. நேர்ந்துக்கினதும் பொய்தான். உங்களை எப்படியாவது இங்க கொண்டாந்துடணும்னு... திட்டணும்னா திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. தூரத்தில் தெரிந்த மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

“அந்தக் கோயில்தானே? வா, பொண்ணை எந்தப் பக்கமா அழைச்சிக்கினு போவணும்னு பாத்துட்டுப் போயிடலாம்.”

“என் மேல கோவம் இல்லீங்களா?”

“எதுக்கு? நெய்வேலியில எல்லா ஆமையையும் லாரியில ஏத்தி வுட்டதே எங்க கான்ட்ராக்ட் ஆளுங்கதான். கடலூர்ப் பக்கம் லாரி போவுதுன்னு நான் மட்டும் எறக்கறதுக்குப் போகல. எது எது எங்க போவுதுன்னு எனக்கு அத்துப்படி, கரைக்கு ஒண்ணும் போகல” என்றார் மரியஜோசப். “யாராவது பொய் சொல்லியாவது என்னைக் கூட்டிக்கினு வரமாட்டாங்களான்னுதான் இத்தினி வருஷமா காத்துக்கினு இருந்தேன், மேரி.”