முதல் பிஸ்கட்

“திருப்பதிக்கு நான் வரேன் பெரியம்மா!” மாவு ஒட்டிய கையைத் தூக்கினான் சாம்ராஜ்.

“உன்னை யாருடா கேட்டா? நான் உங்க அக்காவைத்தான் கேட்டேன்” என்று சிரித்தபடி பிளெஸ்ஸியைப் பார்த்தாள் கிரேஸ். பிளெஸ்ஸி தலை நிமிராமல் நட்சத்திர அச்சை மாவில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டால் சித்தூரில் பழனியின் பேக்கரியில் நிற்க இடமிருக்காது. மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோய், அங்கேயே பிசைந்து, பிள்ளைகளை விட்டு அச்சு வெட்டிக் கொடுத்தால் சுட்டுத் தருவார்.

எலிசா தட்டில் டால்டா தடவிக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் அங்கே இருந்தது. குவைத்தில் வருஷக்கணக்காக வீட்டு வேலை செய்த அக்கா கிரேஸ், திருப்பதியில் வீடு கட்டி, இனி ஊரோடு இருக்கப்போகிறேன் என்று வந்து நிற்கிறாள். தனியாக இருக்க முடியவில்லை, பிளெஸ்ஸியை என்னோடு அனுப்பு என்கிறாள்.

எடுத்த எடுப்பில் முடியாது என்று சொல்லத்தான் எலிசாவுக்கு ஆசை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. “அவளே வரேன்னு சொன்னா கூட்டிக்கினு போக்கா” என்று சொல்லிவிட்டு, நேற்றிலிருந்து சோறு இறங்காமல் தவிக்கிறாள்.

“வரியா கண்ணு? அங்க வீட்டுலயே ஓவன் வாங்கி வச்சிருக்கேன். தினமும் பிஸ்கட் சுட்டுத் துன்னலாம்.”

“அம்மாவும் வருமா?”

“ஞாயித்துக்கெழமைல வந்து பாத்துட்டுப் போவும்.”

பிளெஸ்ஸி அச்சைக் கீழே வைத்தாள். மெல்ல நகர்ந்து வந்து எலிசாவை ஒட்டி நின்றுகொண்டாள். எலிசாவுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

முதல் தட்டு வந்தது. “சூடு, பாத்து எடுங்க” என்றார் பழனி. பிளெஸ்ஸி ஒரு நட்சத்திரத்தை எடுத்து, ஊதி ஊதி ஆற வைத்தாள். கிரேஸ் தன்னையறியாமல் வாயைத் திறந்தாள். பிஸ்கட் எலிசாவின் வாய்க்குப் போனது.

அப்புறம்தான் இன்னொன்றைக் காகிதத்தில் வைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினாள். “எடுத்துக்கோங்க பெரியம்மா.”

“சூப்பரா இருக்குதுடி” என்றாள் கிரேஸ். சொன்னாளே தவிர, அதை மென்று விழுங்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எலிசா வாசல் வரை பின்னாலேயே ஓடினாள். “இன்னாக்கா, அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே! அதுக்குள்ள போய்க்கினே இருக்கியே?”

“சொல்லிட்டாடி. உங்கிட்டயே இருக்கட்டும்.” கிரேஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் குனிந்து சொன்னாள்:

“அவளைப் பெத்தது நான்னு எப்பவும் சொல்லிடாத.”