மன்னிப்புக்கு முந்தைய மூச்சு

வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வசவைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுதான் அந்த கால்சென்டர் தளத்தில் எல்லோருக்கும் வேலை. சுகந்தி அதில் கெட்டிக்காரி. மன்னிப்புக் கேட்குமுன் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாள்; எதிர்முனையில் கத்துகிறவர் அதிலேயே பாதி அடங்கிவிடுவார். புதிதாக வந்த பேசும் மிஷினிடம் வாடிக்கையாளர்கள் எரிந்து விழுகிறார்கள் என்று மேலாளர் பிரசன்னா புலம்பியபோது, "அதுக்கும் ஒரு மூச்சு வெச்சுப் பாருங்க சார்," என்று சொன்னவளும் அவள்தான். அவளுடைய மூச்சையே பதிவு செய்து மிஷினில் வைத்தார்கள். புதுமைக்கான கேடயம் கொடுத்தபோது தளமே எழுந்து நின்று கைதட்டியது. "இனிமே நீங்க போன் எடுக்க வேணாம். உங்களுக்கு மூளை வேலைதான்," என்றார் பிரசன்னா. அடுத்த சில வாரங்களில் கைதட்டியவர்களின் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. பக்கத்து இருக்கை ரெஜினா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் நின்றாள். "அந்த மிஷின்தான் போன் பண்ணுச்சுக்கா. வேலை போனதைக்கூட எவ்வளவு இதமா சொல்லுச்சு தெரியுமா?" சுகந்தி அவள் முகத்தைப் பார்க்காமல் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. நிறுவனத்தின் எண். எடுத்துக் காதில் வைத்தாள். "வணக்கம் சுகந்தி," என்றது குரல். பிறகு சின்னதாக ஒரு மூச்சு இழுத்தது.