உடனிருப்பவர்

படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவன் எழுதுவதை நிறுத்தினான்.

உடனிருப்பவர் பெயர். கைப்பேசி எண். உறவு.

மற்றதெல்லாம் எழுதியாயிற்று. பெயர், இசக்கிராஜ். வயது முப்பத்தெட்டு. ஊர் என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று எழுதியிருந்தான். பிழைக்க வந்த ஊர்தான். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் இல்லை.

"அது கட்டாயம் வேணுங்க," என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி. ஐம்பதை ஒட்டிய வயது. "எட்டு மணி நேரம் நடக்குமுங்க. அன்னைக்குப் பூரா கூட ஆள் இருக்கோணும். இல்லீன்னா டாக்டரம்மா செய்ய மாட்டாங்க."

தலையசைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

இது மூன்றாவது இடம்.

முதல் இடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே. எவ்வளவு முடி நட்டாலும் நாற்பத்தைந்தாயிரம். டாக்டர் சுவரில் படமாக மட்டும் இருந்தார். கூட யாராவது வரவேண்டுமா என்று இவன்தான் கேட்டான்.

"யாரும் வேண்டாம் பாஸ். காலைல வந்தா சாயங்காலம் தொப்பியோட போயிடலாம்," என்றான் அங்கிருந்தவன்.

இரண்டாவது இடத்தில் ஏசி, காபி, மாதத் தவணை. பின்னந்தலையிலிருந்து மூவாயிரம் வேர் எடுத்து முன்னால் நடுவார்களாம். வேர் ஒன்றுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். திரையில் அவன் முகத்துக்கு மேல் அடர்ந்த முடியைப் பொருத்திக் காட்டினார்கள். இருபது வயதில்கூட அவனுக்கு அப்படி இருந்ததில்லை.

இரண்டு வாரமாக, பம்பு கம்பெனியின் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அதையும் இதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டால் முதலில் சிரிப்பார்கள்.

கல்யாணத் தரகர் மூன்றாவது முறையாக அவன் போட்டோவைத் திருப்பி அனுப்பியிருந்தார். "முடி இருக்குறப்ப எடுத்த படம் ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்று கேட்டிருந்தார்.

அதுவும் யாருக்கும் தெரியாது.

இங்கே டாக்டரே பார்த்தார். அரை மணி நேரம். முடியை விரலால் வகிர்ந்து வகிர்ந்து பார்த்துவிட்டு, மூவாயிரம் வேண்டாம் என்றார்.

"அவ்வளவு எடுத்தா பின்னாடி காலியாயிடும். ரெண்டாயிரம் போதும். ஒண்ணுக்கு எழுபது. நெத்தியையும் ரொம்பக் கீழ இறக்க மாட்டேன். அறுபது வயசுலயும் பார்க்க நல்லா இருக்கணும் இல்லையா?"

அறுபது வயதில் தன்னை யாரோ பார்ப்பார்கள் என்று அவன் நினைத்ததே இல்லை.

இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

இப்போது இந்தக் கட்டம்.

கைப்பேசியை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

அக்கா. அம்மாவின் காரியத்துக்குப் பிறகு பேச்சில்லை.

கேஸ் சிலிண்டர்.

சதாசிவம் ஃபோர்மேன். திங்கட்கிழமைக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

தண்ணி கேன்.

மெஸ் அண்ணாச்சி. கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்ல முடியாது.

வீட்டுக்காரம்மா. ஒன்றாம் தேதி வாடகைக்கு மட்டும்.

அவ்வளவுதான். மேலே தள்ளினான்.

மறுபடியும் அக்கா.

விரல் அந்தப் பெயரின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்துவிட்டான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த இடத்தில் இப்படி ஒரு கட்டமே இல்லை. அங்கேயே போய்விடலாம். பேனாவை மூடினான். எழுந்தான்.

உட்கார்ந்தான்.

முத்துராஜ் என்று எழுதினான். உறவு, அண்ணன்.

அவனுக்கு அண்ணன் கிடையாது.

எண்ணுக்கு, தன் கைப்பேசியிலேயே கிடக்கும் இரண்டாவது சிம்மின் எண்ணைப் போட்டான். படிவத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான்.

அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இருங்க, உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன்."

அவன் வேண்டாம் என்பதற்குள் மேசைத் தொலைபேசியை எடுத்துவிட்டாள். படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துண்டித்தால் அவள் காதிலும் மணி நின்றுபோகும். எடுத்தால் என்ன சொல்வது? நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் வியர்த்தது. அங்கே வியர்வையைத் தடுக்க ஒன்றுமில்லை.

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி, மணி தானாக ஓயும்வரை இருந்தாள்.

பிறகு மெதுவாக வைத்தாள்.

"எடுக்கலீங்க. வேலையா இருக்காராட்ட இருக்குது."

"ஆமாங்க," என்றான்.

அவள் நாட்காட்டியைப் புரட்டினாள்.

"புதன்கிழமை காலியா இருக்குதுங்க. ஆனா, வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாங்களா?"

"ஏன் மேடம்?"

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவுங்க."

அவனுக்குப் புரியவில்லை.

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முத்துராஜின் மேல் ஒரு கோடு. எண்ணின் மேல் ஒரு கோடு. அண்ணனின் மேலும். அதற்குக் கீழே, அவசரமில்லாமல், வேறொரு பெயரை எழுதினாள். தலைகீழாகத் தெரிந்தாலும் அவனால் படிக்க முடிந்தது. மரகதம். பக்கத்தில் பத்து இலக்கங்கள்.

உறவு என்ற இடத்துக்கு வந்ததும், பேனாவை அவன் பக்கம் நீட்டினாள்.